மருந்து குடல் சுவரைத் தாண்டுகிறதா: ஆட்டுக்குடலோடு முதன்முதலாக மல்லுக்கட்டப் போகிறவர்களுக்கு

ஆட்டுக்குடல் துண்டைப் பையாகக் கட்டி, மருந்து உள்ளே போகிறதா என்று பார்த்த என் முதல் சோதனையில் மருந்து குடல் சுவரைச் சர்ரென்று தாண்டியது. கிராஃப் நூல் பிடித்தாற்போல் ஏறியது. கைடுக்குச் சந்தோஷம், எனக்கு அதைவிட. ரிவியூவுக்கு வந்திருந்த வெளிக் கல்லூரிப் பேராசிரியை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "மருந்து போடாம ஒரு பை ஓட்டிப் பார்த்தியாம்மா?"

ஓட்டவில்லை. மறுநாள் ஓட்டினேன். மருந்தே இல்லாத பையிலும் கிட்டத்தட்ட அதே ரீடிங். இரண்டு மாதமாக மருந்தை அளக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, செத்துக் கரைந்துகொண்டிருந்த ஆட்டுக்குடலை அளந்திருக்கிறேன்.

எம்.பார்ம் ப்ராஜெக்டில் "திருப்பிய குடல் பை" சோதனை என்று சினாப்சிஸில் எழுதிக் கொடுத்துவிட்டு, அப்புறம் எங்கே தொடங்குவது என்று விழிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சோதனை கேட்பதற்குச் சுலபம். சிறுகுடலில் ஒரு துண்டை வெட்டி, சட்டையைத் திருப்புவதுபோல் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, இரண்டு முனையையும் கட்டிப் பையாக்கி, மருந்து கலந்த நீரில் போடுவது. பைக்குள் எவ்வளவு மருந்து வந்து சேர்ந்தது என்று நேரம் வைத்து அளப்பது. அவ்வளவுதான். ஆனால் இதில் வழுக்கி விழ ஏழெட்டு இடம் இருக்கிறது. நான் அநேகமாக எல்லாவற்றிலும் விழுந்தேன்.

1. உங்கள் மருந்து எந்த வழியாகப் போகும் என்று முதலில் எழுதிவையுங்கள்

கறிக்கடைக்குப் போகும் முன்பே ஒரு தாளில் எழுதவேண்டியது இது. குடலின் உட்பரப்பில் ஒற்றை வரிசையாகச் செல்கள் நெருக்கி நிற்கின்றன. மருந்து மறுபக்கம் போக முக்கியமான வழிகள் மூன்று. கொழுப்பில் கரையும் மருந்து செல் சவ்விலேயே கரைந்து ஊடுருவிப் போகும். பெரும்பாலான மாத்திரைகள் இந்த வகைதான். நீரில் மட்டும் கரையும் சிறு மூலக்கூறு, செல்லுக்கும் செல்லுக்கும் நடுவில் இருக்கும் இடுக்கு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். மூன்றாவது, சவ்வில் பதிந்திருக்கும் கடத்திப் புரதம் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்வது.

என் மருந்து அசைக்ளோவிர். அம்மைக்கும் அக்கிக்கும் கொடுப்பது. மூலக்கூறு எடை 225தான், குடலின் பி.ஹெச். அளவில் பெரும்பாலும் மின்னேற்றமும் இல்லை. அப்படியென்றால் எளிதாகப் போய்விடும் என்று நினைத்தேன். போகாது. அதற்குத் தண்ணீர்மேல்தான் பாசம், கொழுப்புச் சவ்வுக்குள் நுழைய மனம் வராது. வாய்வழி கொடுத்தால் ஐந்தில் ஒரு பங்கு ரத்தத்தில் சேர்ந்தாலே அதிகம். அதே அசைக்ளோவிரோடு வேலின் என்ற அமினோ அமிலத்தை ஒட்டிவிட்டால் வாலசைக்ளோவிர். குடல் செல்லில் இருக்கும் பெப்ட்-1 என்ற கடத்தி அதை உணவுப் புரதத்தின் துண்டு என்று ஏமாந்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. பாதிக்குமேல் ரத்தத்துக்குப் போய்விடுகிறது.

நான்காவதாக ஒன்றும் உண்டு, அது எதிர்த்திசை. பி-கிளைக்கோபுரோட்டீன் என்ற பம்ப், உள்ளே வந்த மருந்தைப் பிடித்து வெளியே தள்ளும். டிகாக்சின், ஃபெக்சோஃபெனடின் போன்றவை இதில் மாட்டும். உங்கள் மருந்து இந்தப் பட்டியலில் இருந்தால் வேலை இரட்டிப்பு என்று இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். திருப்பிய பை, திருப்பாத பை இரண்டிலும் ஓட்டி இரு திசை வேகத்தையும் ஒப்பிடவேண்டும்.

இதை ஏன் முதல் படியாக வைக்கிறேன் என்றால், எந்த எண்ணைப் பார்த்துச் சந்தேகப்படவேண்டும் என்பது இதிலிருந்துதான் தெரியும். அசைக்ளோவிர் வேகமாகப் போனால் அது நல்ல செய்தியே கிடையாது. பையில் ஓட்டை, இல்லாவிட்டால் மருந்தல்லாத எதையோ அளக்கிறீர்கள் என்று அர்த்தம். அன்று எனக்கு இது தெரிந்திருந்தால் இரண்டு மாதம் மிஞ்சியிருக்கும்.

2. காகித வேலை

"கறிக்கடைக் குடல்தானே, அனுமதி எதற்கு?" என்று சீனியர்கள் சொல்வார்கள். கேட்காதீர்கள். உணவுக்காக வெட்டிய ஆட்டின் குடல்தான், சோதனைக்காக எந்த விலங்கையும் கொல்லவில்லை, உண்மை. அதையே உங்கள் கல்லூரியின் விலங்கு நெறிமுறைக் குழுவுக்கு எழுதிக் கொடுத்து, "இதற்குத் தனி அனுமதி தேவையில்லை" என்று கையெழுத்திட்ட பதிலை வாங்கி வையுங்கள். ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அது இல்லை என்றால் வைவாவில் முதல் பத்து நிமிடம் அதிலேயே போகும். ஆய்வுக் கட்டுரையாக அனுப்பினால் இதழ்க்காரர்களும் கேட்பார்கள். குழு எப்போதாவதுதான் கூடும். கூட்டத் தேதியைக் கேட்டுவிட்டு மனு எழுதுங்கள். என் மனு ஒரு கூட்டத்தை இரண்டு நாளில் தவறவிட்டு அடுத்ததற்காகக் காத்துக் கிடந்தது.

மருந்துத் தூள்: கம்பெனிகளுக்குக் கல்லூரி லெட்டர்ஹெட்டில், முதல்வர் கையெழுத்தோடு "கிஃப்ட் சாம்பிள்" கேட்டு எழுதவேண்டும். ஒன்பது இடத்துக்கு எழுதினேன். இரண்டு இடத்திலிருந்து பதில், ஒரே இடத்திலிருந்து 5 கிராம், அதுவும் ஆறாவது வாரத்தில். கடிதத்தில் எவ்வளவு வேண்டும், எதற்கு, மனிதருக்கோ விற்பனைக்கோ பயன்படாது என்ற மூன்றும் இருக்கட்டும். தூளோடு பகுப்பாய்வுச் சான்றும் வந்தே ஆகவேண்டும். தூள் வந்து சான்று வராவிட்டால் உடனே மெயில் போடுங்கள், ஆறு மாதம் கழித்துக் கேட்டால் அந்த பேட்ச் எண்ணை யாரும் தேடித் தரமாட்டார்கள். சான்றில் காலாவதித் தேதியையும் பாருங்கள். எனக்கு வந்தது நான்கு மாதத்தில் முடிகிற சரக்கு.

கறிக்கடையிலும் ஒரு துண்டுச் சீட்டு வாங்குங்கள். தேதி, ஆட்டுக்குடல், தொகை, இவ்வளவு போதும். கடைக்காரர் சிரிப்பார், பரவாயில்லை.

3. கறிக்கடை

இங்கேதான் என் முதல் இரண்டு மாதம் செத்தது. கடையில் "குடல்" என்று கேட்டால் சமையலுக்கான குடலைத் தருவார்கள். வெந்நீர் ஊற்றித் தேய்த்து வெள்ளையாக்கியது. குழம்புக்கு அது அருமை. ஆனால் நமக்கு வேண்டிய உட்பரப்புச் செல்கள் அந்த வெந்நீரோடே போய்விட்டன. மிஞ்சுவது வெறும் தசைக்குழாய், சல்லடை மாதிரி எதையும் விடும்.

ஆகவே முந்தைய நாளே போய்ச் சொல்லிவையுங்கள்: "அண்ணே, கழுவாத குடல் வேணும், வெட்டின உடனே." வெட்டும் நேரம் பெரும்பாலும் விடியற்காலை ஐந்து, ஐந்தரை. நீங்கள் அங்கே நிற்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், கூட்டத்தில் உங்களைக் கவனிக்க ஆள் இருக்காது. செவ்வாய், புதன் நல்லது. புரட்டாசியில் சோதனை வைத்துக்கொள்ளாதீர்கள், பல கடைகளில் வெட்டே குறைந்துவிடும். திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி, காந்தி ஜெயந்தி எல்லாம் கடை அடைப்பு. நான் ஒரு முறை எல்லாக் கரைசலையும் கலக்கி வைத்துவிட்டு மகாவீர் ஜெயந்தி அன்று பூட்டிய கடைமுன் நின்றேன்.

கையில் ஒரு தெர்மாஸ். அதில் பனிக்கட்டியில் வைத்துக் குளிர்ந்த பஃபர் (பி.ஹெச். மாறாமல் காக்கும் உப்புக் கரைசல், செய்முறை அடுத்த பகுதியில்). குடல் வெளியே வந்ததும் இரைப்பையை ஒட்டிய முன்சிறுகுடலை விட்டுவிட்டு, அதற்கு அடுத்த இடைச்சிறுகுடலிலிருந்து ஒரு மீட்டர் வெட்டித் தரச்சொல்லி தெர்மாஸில் போடுங்கள். எந்தப் பக்கம் எது என்று கடைக்காரருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும், கூச்சப்படாமல் கேளுங்கள். வெட்டியதிலிருந்து பை தண்ணீரில் இறங்கும்வரை ஒரு மணி நேரத்துக்குள் முடிக்கப் பாருங்கள். கடை லேபிலிருந்து இருபது நிமிடத்துக்குமேல் என்றால் வேறு கடை தேடுங்கள்.

ஆட்டுக்குடல் கிடைக்காவிட்டால் கோழிக்குடல். இலவசமாகவே தருவார்கள். மெல்லியது, திருப்பும்போது கிழியும். பழகுவதற்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

4. பஃபர்

கிரெப்ஸ்-ரிங்கர் கரைசல், ஒரு லிட்டருக்கு: சோடியம் குளோரைடு 6.9 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.35, மெக்னீசியம் சல்ஃபேட் ஏழு நீர் உப்பு 0.29, பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்ஃபேட் 0.16, சோடியம் பைகார்பனேட் 2.1, கால்சியம் குளோரைடு இரு நீர் உப்பு 0.37, குளுக்கோஸ் 2 கிராம். பி.ஹெச். 7.4.

எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் பால்போல் கலங்கும். கால்சியம் போய் பாஸ்ஃபேட்டோடும் கார்பனேட்டோடும் சேர்ந்து படிந்துவிடுவதுதான் காரணம். கால்சியத்தைத் தனி பீக்கரில் கரைத்து, மற்றதற்கு வாயு குமிழ விட்டபிறகு, கடைசியில், கலக்கிக்கொண்டே மெல்லச் சேருங்கள். குளுக்கோஸ் அன்றன்றைக்கு. முந்தைய நாள் போட்டால் மறுநாள் காலை பாட்டிலில் கிருமி குடியேறியிருக்கும்.

வாயு: 95 சதவீதம் ஆக்சிஜன், 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலந்த சிலிண்டர்தான் முறை. பல லேபில் அது இல்லை, மீன் தொட்டிப் பம்ப்தான். நானும் அதைத்தான் வைத்தேன், 250 ரூபாய். ஆனால் பம்ப் வெறும் காற்றை ஊதி, பைகார்பனேட் கரைசலிலிருந்து கார்பன் டை ஆக்சைடை விரட்டிவிடும், பி.ஹெச். எட்டை நோக்கி ஏறிக்கொண்டே போகும். பம்ப்தான் வழி என்றால் பைகார்பனேட்டுக்குப் பதில் பாஸ்ஃபேட் வைத்துச் செய்யும் ரிங்கருக்கு மாறிவிடுங்கள். அரை மணிக்கு ஒருமுறை பி.ஹெச். பாருங்கள்.

5. பை கட்டுவது

குளிர்ந்த பஃபரை ஊசியில்லாத சிரிஞ்சால் உள்ளே செலுத்தி, வரும் நீர் தெளியும்வரை அலசுங்கள். விரலால் உருவாதீர்கள். வெளியே ஒட்டியிருக்கும் கொழுப்பையும் சவ்வையும் நறுக்கிவிடுங்கள். முனை மழுங்கிய கண்ணாடிக் குச்சியில் குடலின் ஒரு முனையை நூலால் கட்டி, மற்ற முனையைக் குச்சிமேல் கீழ்நோக்கி உருட்டினால் உள்பக்கம் வெளியே வரும். வெல்வெட் மாதிரித் தெரியும் பக்கம் வெளியே இருந்தால் சரி.

ஆறு சென்டிமீட்டர் துண்டு வெட்டி, ஒரு முனை கட்டி, மருந்தில்லாத பஃபர் 1.5 மில்லி ஊற்றி, மறுமுனை கட்டினால் நடுவில் ஐந்து சென்டிமீட்டர் பை. புடைக்க நிரப்பாதீர்கள், செல்களுக்கு நடுவில் இடுக்கு விரிந்துவிடும். கட்டிய பையைத் துடைத்து வடிதாளில் வையுங்கள். தாள் நனைந்தால் அது குப்பைக்கு.

என் முதல் நாள் கணக்கு, பன்னிரண்டு பை கட்ட இரண்டரை மணி நேரம். கடைசிப் பை கட்டும்போது முதல் பை செத்திருக்கும். ஒரு வாரம் கோழிக்குடலில் பழகியபின் நாற்பது நிமிடத்துக்கு வந்தது. பழகாமல் நிஜச் சோதனைக்கு இறங்காதீர்கள்.

6. ஓட்டம்: மருந்துப் பைக்கு முன்னால் மூன்று பைகள்

37 டிகிரி, ஒவ்வொரு பைக்கும் 50 மில்லி பீக்கர், மெல்லிய குமிழ். குமிழ் பலமாக இருந்தால் உட்பரப்பு உரியும், இல்லவே இல்லை என்றால் பையைச் சுற்றி நீர் அசையாமல் தேங்கி, அந்தத் தேக்கமே மருந்துக்குத் தடையாகும். 15, 30, 45, 60 நிமிடம். ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு பை, எடுத்தால் எடுத்ததுதான். ஒரு மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், வெளியே எடுத்த குடல் அதற்குப் பிறகு நம்பகமில்லை. இரண்டு மணி நேரம் தாண்டிய கிராஃபை யாராவது காட்டினால் எனக்கு இப்போது சிரிப்புத்தான் வருகிறது.

மருந்துக்கு முன் கட்டாயம் ஓட்டவேண்டியவை:

வெற்றுப் பை. வெளியே மருந்தில்லாத பஃபர். மருந்துப் பைக்கு என்னென்ன நேரமோ அத்தனையிலும். செல்கள் உடையும்போது புரதம் கசியும், அது 280 நானோமீட்டர் புற ஊதா ஒளியை உறிஞ்சும், நான் எடுத்த ரீடிங்கும் அந்த உறிஞ்சல்தான். மரபுப் பொருளின் துண்டுகள் 260-ல் உறிஞ்சும். என் அசைக்ளோவிர் உறிஞ்சுவது 252-ல். எவ்வளவு அருகில் பாருங்கள். முதல் கிராஃப் அத்தனை அழகாக ஏறியது குடல் அழுக அழுக ரீடிங்கும் ஏறியதால்தான்.

சிவப்புப் பை. வெளியே ஃபீனால் ரெட் சாயம். இது நல்ல குடலைத் தாண்டுவது மிகக் குறைவு. அரை மணி கழித்துப் பைக்குள் இருக்கும் நீரை எடுத்து ஒரு சொட்டு சோடியம் ஹைட்ராக்சைடு விடுங்கள். பளிச்சென்று ரோஸ் நிறம் வந்தால் அன்றைய குடலே வீண், சாமானைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். சாயத்தை மருந்துப் பையில் கலக்காதீர்கள், ரீடிங்கைக் கெடுக்கும்.

சர்க்கரைப் பை. உயிருள்ள குடல் குளுக்கோஸை வெளியிலிருந்து உள்ளே இழுத்துச் சேர்க்கும். இரண்டு பக்கமும் ஒரே அளவு குளுக்கோஸில் தொடங்கி, கடைசியில் உள்ளே கூடியிருந்தால் செல்கள் உயிரோடு இருக்கின்றன. ரத்தச் சர்க்கரை அளக்கும் என்சைம் கிட் போதும், பயோகெமிஸ்ட்ரி லேபில் கேட்டால் நான்கு டெஸ்ட்டுக்குத் தருவார்கள்.

இன்னொன்று, ஒரே ஆட்டின் மூன்று துண்டில் ஓட்டிவிட்டு "மூன்று முறை செய்தேன்" என்று எழுதாதீர்கள். மூன்று என்றால் மூன்று ஆடு, மூன்று விடியற்காலை. துண்டுகளையும் வரிசையாக 15, 30, 45 என்று பிரிக்காமல் கலைத்துப் போடுங்கள், குடல் நீளத்துக்கு ஒரே மாதிரி இருக்காது.

முடிந்த குடலை மஞ்சள் பையில், உயிர்மருத்துவக் கழிவோடு. லேப் தொட்டியில் போட்டால் அட்டெண்டர் அண்ணன் உங்களோடு பேசமாட்டார்.

7. அளப்பது

யூ.வி. (புற ஊதா ஒளி உறிஞ்சலை அளப்பது) போதுமா என்று வெற்றுப் பைதான் சொல்லும். வெற்றுப் பையின் ரீடிங் மருந்துப் பையுடையதில் பத்தில் ஒரு பங்குக்குமேல் போனால் நான் யூ.வி.யை விட்டுவிடுவேன். இது என் கணக்கு, விதி ஏதும் இல்லை. ப்ரொப்ரனலால் போன்ற மருந்துகள் 290 பக்கம் அளக்கப்படுவதால் ஓரளவு தப்பிக்கும். அட்டெனலாலின் பலமான உச்சம் 225 பக்கம், அங்கே எல்லாப் புரதமும் கூச்சல் போடும்.

அசைக்ளோவிருக்கு, மருந்தை மற்றதிலிருந்து பிரித்து அளக்கும் ஹெச்.பி.எல்.சி.தான். அதற்குமுன் சாம்பிளோடு அசிட்டோநைட்ரைல் சேர்த்துப் புரதத்தைப் படியவைத்து, சென்ட்ரிஃபியூஜ் செய்து, வடிகட்டி ஊற்றவேண்டும். வடிகட்டி மருந்தைத் தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்ளும், முதலில் வரும் சொட்டுகளைக் கொட்டிவிடுங்கள். இத்தனை நீர்த்த அளவையும் கணக்கில் பெருக்க மறக்காதீர்கள். அளவுக்கோடு (தெரிந்த செறிவுக்கு என்ன ரீடிங் என்று காட்டும் கோடு) வரையும் சாம்பிள்களை வெறும் பஃபரில் செய்யாமல், வெற்றுப் பையிலிருந்து எடுத்த நீரில் மருந்து கலந்து செய்யுங்கள்.

8. கணக்கு

ஊடுருவு எண் = ஒரு வினாடிக்கு உள்ளே சேரும் மருந்து ÷ (பையின் பரப்பு × வெளியே தொடக்கத்தில் இருந்த செறிவு).

உதாரணம். கிராஃபின் சாய்வு நிமிடத்துக்கு 0.24 மைக்ரோகிராம், அதாவது வினாடிக்கு 0.004. தட்டையாக வைத்த பையின் அகலம் 1 சென்டிமீட்டர் என்றால் சுற்றளவு 2, நீளம் 5, பரப்பு 10 சதுர சென்டிமீட்டர். வெளியே மில்லிக்கு 100 மைக்ரோகிராம். பரப்பையும் செறிவையும் பெருக்கினால் ஆயிரம், 0.004-ஐ அந்த ஆயிரத்தால் வகுத்தால் வினாடிக்கு 0.000004 சென்டிமீட்டர். நிமிடத்தை வினாடியாக்க மறந்தால் விடை அறுபது மடங்கு ஏறும். என் வகுப்பில் இருவர் அப்படியே பிரிண்ட் எடுத்தார்கள்.

இந்த உதாரணத்தில் ஒரு மணி நேரத்தில் உள்ளே சேர்வது 14.4 மைக்ரோகிராம், மில்லிக்கு 10-க்குச் சற்றுக் குறைவு. வெளிச் செறிவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டவில்லை, ஆகவே கோடு நேராக இருக்கலாம். தாண்டினால் மருந்து திரும்பிவரத் தொடங்கும், கோடு வளையும்.

வைவாவில் கேட்பது நிச்சயம்: "பையில் வந்த எண்ணும் உடம்பில் நடப்பதும் ஒன்றா?" இல்லை. உடம்பில் மருந்து செல் வரிசையைத் தாண்டியதும் அடியிலேயே ரத்த நுண்குழாய் வாரிக்கொண்டு போய்விடும். பையில் தசைச் சுவர் முழுவதையும் துளைத்து வரவேண்டும். ஆகவே பையில் வரும் எண் உள்ளதைவிடக் குறைவாகவே காட்டும். ஒரு மருந்தின் இரண்டு கலவைகளை ஒப்பிடத்தான் இந்தச் சோதனை. தனி எண்ணை வைத்து வீரம் பேசினால் மாட்டிக்கொள்வீர்கள்.

9. செலவும் நாளும்

என் நோட்டில் இருந்து சொல்கிறேன், ஊருக்கு ஊர் மாறும். பழகியதும் வீணானதும் சேர்த்து ஆட்டுக்குடல் பதினோரு முறை, தடவைக்கு 100 ரூபாய். உப்புகளும் குளுக்கோஸும் லேபில் இருந்தன. பெரிய அடி ஹெச்.பி.எல்.சி.தான். எங்கள் கல்லூரி மெஷின் பழுது, வெளி லேபில் சாம்பிளுக்கு 300 ரூபாய். இரண்டு கலவை, நான்கு நேரம், மூன்று ஆடு என்று 24 சாம்பிள், வெற்றுப் பை 12, அளவுக்கோட்டுக்கு 6, மொத்தம் 42. அது 12,600 ரூபாய், அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்து 14,868. கொட்டேஷன் வாங்கும்போதே வரி சேர்த்ததா, அளவுக்கோட்டுச் சாம்பிளுக்கும் காசா, ரன் கெட்டால் மறுபடி ஓட்ட யார் கட்டுவது என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். நான் கேட்காமல் விட்டது மூன்றாவதை.

நாள்: மருந்துக்கும் குழுவின் பதிலுக்கும் இரண்டு மாதம், இரண்டையும் ஒரே நாளில் தொடங்குங்கள். அந்த இடைவெளியில் கோழிக்குடலில் கைப்பழக்கம். மூன்று ஆடும் வெற்றுப் பைகளும் இரண்டு வாரத்தில் முடியும். வெளி லேபில் வரிசை மூன்று வாரம், அதுவரை சாம்பிள் ஃப்ரீசரில், மைனஸ் 20-ல். கரண்ட் போனால் ஜெனரேட்டர் அந்த ஃப்ரீசருக்கு வருகிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். எங்கள் லேபில் வரவில்லை.